செவி கேளாத ஊழியரும் எழுத்தின் துணையும்

காது கேளாத ஒருவர் அலுவலகத்தில் அடையும் துன்பம் பெரும்பாலும் ஏச்சினாலோ பேச்சினாலோ வருவதன்று. அது ஓசையின்றி வருகிறது. காலையில் பிரிவு அதிகாரி ஐந்து பேரைத் தம் மேசையருகே அழைத்து அன்றைய வேலைகளை வாய்மொழியாகப் பகிர்ந்தளிக்கிறார். நால்வர் கேட்டுக்கொண்டு செல்கின்றனர். ஐந்தாமவரோ அந்நால்வரின் முகக்குறிப்பைக் கொண்டு ஊகித்துக்கொண்டு செல்கிறார். ஊகம் பிழைத்தால் மாலையில் பழி அவர்மேல் விழுகிறது. இவ்வாறு ஓராண்டு கழிந்தபின், ‘இவர் பொறுப்பான வேலைக்கு ஏற்றவரல்லர்’ என்னும் எண்ணம் யாரும் தீங்கு நினையாமலே உருவாகிவிடுகிறது.

தமிழகத்தை விட்டுத் தில்லியிலோ நாகபுரியிலோ வேலை பார்க்கும் நம்மவர்க்கு இதில் மற்றொரு தொல்லையும் உண்டு. உதட்டசைவைக் கண்டு பேச்சை அறிவது மொழியோடு பிணைந்த ஒரு திறமை. ‘பாடு’ என்றாலும் ‘மாடு’ என்றாலும் உதடு ஒன்றுபோலவே அசைகிறது. பேச்சின் போக்கைக் கொண்டுதான் இன்ன சொல் என்று தெளிகிறோம். தாய்மொழியில் இத்தெளிவு எளிதாகக் கிட்டும். இடையில் கற்ற மொழியில் கிட்டுவதில்லை. ஆகவே, சென்னையில் ஓரளவு சமாளித்தவர் வேற்று மாநிலத்தில் முற்றிலும் திகைத்துப்போவதில் வியப்பில்லை.

நான் அறிந்த அன்பர் ஒருவர் மத்திய அரசின் ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர். முப்பத்தெட்டாம் வயதில் நோயொன்றினால் இரு செவிகளும் கேளாமற்போயின. விடுப்பு முடிந்து திரும்பியவரைத் தபால் அனுப்பும் பிரிவில் உட்காரவைத்தனர். “உங்கள் நன்மைக்காகத்தான்” என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டினாராம் மேலதிகாரி. மொழிபெயர்ப்பு என்பது கண்ணும் கையும் செய்யும் வேலை. அதற்குச் செவி எதற்கு? இக்கேள்வியை அவர் இரண்டாண்டுக் காலம் தமக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர், ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையில் ‘பிறரோடு கருத்துப் பரிமாறும் ஆற்றல் குறைவு’ என்ற வரியைக் கண்ட அன்றுதான் பேனாவை எடுத்தார்.

அவர் நம்பியது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை. அது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. பணிக்காலத்தில் குறை ஏற்பட்டதென்று ஓர் அரசு ஊழியரை நீக்கவோ பதவியிறக்கம் செய்யவோ கூடாது என்றும், குறையை மட்டுமே காரணமாகக் காட்டிப் பதவி உயர்வை மறுக்கக் கூடாது என்றும் அதன் இருபதாம் பிரிவு கூறுகிறது. பார்த்துவந்த பதவிக்கு அவர் உண்மையிலேயே ஏற்றவராக இல்லாவிடில்தான், அதே ஊதிய விகிதத்தில் வேறு பதவிக்கு மாற்றலாம். இன்னும் ஒன்று: ஊழியர்க்கு ‘நியாயமான வசதி ஏற்பாடு’ செய்துதர வேண்டும். (அகராதியை மட்டும் நம்பும் மொழிபெயர்ப்பாளர் இதனைத் ‘தங்குமிடம்’ என்று எழுதிவிடக்கூடும், என் தொழிலின் அபாயங்களில் இதுவும் ஒன்று.) ஆணைகளை எழுத்தில் தருவது, கூட்டத்தில் பேசுவோர் முகம் தெரியும் இடத்தில் அமர்த்துவது, சைகைமொழி பெயர்ப்பாளரை அழைப்பது போன்றவை இதில் அடங்கும். இதற்கான செலவை ஊழியர் தலையில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன.

அவ்விதிகளில் நான் மிகவும் போற்றும் பகுதி ஒன்றுண்டு. பாகுபாடு காட்டப்பட்டதாக ஊழியர் முறையிட்டால், அலுவலகத் தலைவர் சட்டப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். இல்லையேல், தாம் செய்தது நேர்மையான நோக்கத்திற்கு ஏற்ற அளவான செயலே என்பதை எழுத்து மூலம் விளக்க வேண்டும். இருபது பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் தனியார் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். வாய்மொழியாகவே தொடர்ந்து வந்த அநீதி ஒன்றை எழுத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவது எத்துணைப் பெரிய உதவி! சொல்லில் மறைந்து கிடந்த காரணங்கள் தாளில் வந்ததும் பல வேளைகளில் நிற்க மாட்டாமல் சாய்ந்துவிடுகின்றன.

நம் அன்பர் இரண்டு கடிதங்கள் எழுதினார். மத்திய அரசு ஊழியர் தம் மதிப்பீட்டு அறிக்கையைப் பெற்ற பதினைந்து நாட்களுக்குள் அதனை மறுத்து எழுதலாம், முதற்கடிதம் அதற்கானது. இரண்டாவது, அலுவலகத்தின் குறைதீர் அலுவலருக்கு. ஒவ்வோர் அரசு அலுவலகமும் அத்தகைய அலுவலர் ஒருவரை நியமித்தாக வேண்டும். அவர் முறையீட்டைப் பதிவேட்டில் பதிந்து, இரண்டு வாரத்திற்குள் விசாரிக்க வேண்டும். ஆகையால் பதிவு எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்கிக்கொள்வது அவசியம். அங்கு நியாயம் கிட்டாவிடில், மத்திய அரசு ஊழியர் தில்லியிலுள்ள தலைமை ஆணையரிடம் முறையிடலாம். மாநில அரசிலோ தனியாரிடமோ வேலை பார்ப்பவர் மாநில ஆணையரை நாட வேண்டும். பிறந்த மாநிலத்து ஆணையரையன்று, வேலை பார்க்கும் மாநிலத்து ஆணையரை. நம்மவரில் பலர் இவ்விடத்தில் தவறுகின்றனர். மாற்றுத்திறன் சான்றிதழுக்கு அத்தகைய எல்லை இல்லை. தமிழகத்தில் பெற்றதும் நாடெங்கும் செல்லும்.

“தனி மனிதன் எழுதி என்ன ஆகப்போகிறது?” என்று அவருடைய மனைவி கேட்டபோது, அவர் ஒரு வழக்கை எடுத்துக்காட்டினாராம். பார்வையற்ற, உடலியக்கக் குறையுடைய மத்திய அரசு ஊழியர்களுக்குப் போக்குவரத்துக்கெனத் தனிப்படி 1978 முதல் இருந்துவந்தது. காது கேளாதோர்க்கு அது இல்லை. கால் இருக்கிறதே, நடக்கட்டும் என்பது போன்ற நினைப்பு. காது கேளாத ஊழியர்களின் நலச் சங்கம் ஒன்று 2011-இல் உச்ச நீதிமன்றத்தில் நேரடியாக மனுச் செய்தது. பின்னால் வரும் வண்டியின் ஒலி கேளாதவர்க்கும், வழி கேட்டால் பதில் விளங்காதவர்க்கும் தெரு எளிதானதா? குறையுடையோருக்குள்ளேயே தகுந்த காரணமின்றி ஏற்றத்தாழ்வு கற்பிப்பது அரசியலமைப்பின் சமத்துவ விதிக்கு முரணானது என்று 2013 டிசம்பர் 12-ஆம் நாள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014 பிப்ரவரியில் நிதியமைச்சகம் அப்படியை அவர்களுக்கும் நீட்டித்தது.

அன்பரின் கடிதங்களுக்கு ஏழு வாரம் விடை வரவில்லை. நினைவூட்டுக் கடிதத்திற்குப் பின், அறிக்கையிலிருந்த அவ்வரி நீக்கப்பட்டது. அவர் தம் பழைய மேசைக்குத் திரும்பினார். இழந்த இரண்டாண்டு அனுபவம் திரும்பவில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் இளையவர் இருவர் அவரை முந்திவிட்டனர். அதைக் குறித்து இப்போது தலைமை ஆணையருக்கு எழுதியிருக்கிறார். காலைப் பணிகளைப் பிரிவு அதிகாரி இன்று ஒரு சீட்டில் எழுதி அவரிடம் தருகிறார். தங்களுக்கும் அந்தச் சீட்டில் ஒரு படி வேண்டுமென்று மற்ற நால்வரும் கேட்டு வாங்கிக்கொள்கின்றனர்.