அம்மாவின் ஊசியும் உயிரணுவின் வலையும்

“இன்சுலின் உடம்பிலேயே ஊறாதா?” ஊசி போட்டுக்கொண்டே அம்மா கேட்டார். ஆங்கிலத்தில் படித்த விடையைத் தமிழில் சொல்லத் திணறினேன். அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

உயிரணுவின் கருவைச் சூழ்ந்து, மடிப்பு மடிப்பாகப் பரந்திருக்கும் சவ்வுப் பின்னலே எண்டோபிளாச வலை. கீத் போர்ட்டர் குழுவினர் 1945இல் மின்னணு நுண்ணோக்கியில் இதனைக் கண்டனர். இவ்வலை இருவகைப்படும். ரைபோசோம்கள் ஒட்டிய சொரசொரப்பான வலை புரதங்களை உருவாக்க உதவும். வழுவழுப்பான வலை கொழுப்புப் பொருள்களை ஆக்கும். கல்லீரலில் நச்சையும் முறிக்கும்.

கணையத்தின் பீட்டா உயிரணுக்களில், இன்சுலினின் மூலப்புரதம் சொரசொரப்பான வலைக்குள்தான் மடிந்து உருப்பெறுகிறது. பிழையாக மடிந்தவற்றை வலை தடுத்து நிறுத்தும். இன்சுலின் தேவை மிகும்போது வேலைப்பளு கூடுகிறது. நெருக்கடி நீடித்தால் உயிரணுவே அழியலாம். இரண்டாம் வகை நீரிழிவுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஊறும் இடம் களைத்துவிட்டது, அம்மா. அதனால்தான் இந்த ஊசி.