சிரிக்கவைக்கும் ஒரு சிறுவனின் தனிமை

பள்ளியில் ஒதுக்கப்பட்டவனின் காதலும் கவலையும் நகைச்சுவைக்கு ஏற்ற பொருள்தானா? 1982இல் பிரிட்டனில் வெளியான சூ டவுன்சென்டின் ‘பதின்மூன்றே முக்கால் வயது ஏட்ரியன் மோலின் ரகசிய நாட்குறிப்பு’ என்ற நாவல் இதற்கு நல்லதொரு விடை.

ஏட்ரியனுக்கு முகப்பரு பெருங்கவலை. சக மாணவன் பாரி கென்ட் அவனை மிரட்டிக் காசு பறிக்கிறான். பள்ளித் தோழி பண்டோராவோ அவனுக்கு எட்டாக்கனியாகத் தெரிகிறாள். ஆயினும், தன்னை ஓர் அறிவுஜீவியாகவே கருதும் அவன், தன் கவிதைகளைப் பிபிசிக்கு அனுப்புகிறான்.

கண்டதையெல்லாம் அவன் எழுதிவைக்கிறான்; அதன் பொருள்தான் அவனுக்கு விளங்குவதில்லை. அண்டைவீட்டு லூகாசுடன் தாய் நெருங்குவதை அவன் உணரும் முன்பே வாசகர் உணர்ந்துவிடுகிறார். சிரிப்பு பிறப்பது இந்த இடைவெளியில்தான். மார்கரெட் தாட்சர் ஆட்சிக்கால வேலையின்மையும் இதே வழியில்தான் கதைக்குள் நுழைகிறது. ஏட்ரியனின் தந்தையும் வேலை இழக்கிறார். 15 வயதில் பள்ளியை விட்டு, வறுமையில் குழந்தைகளை வளர்த்த டவுன்சென்டுக்கு அந்த வாழ்க்கை அந்நியமானதல்ல.

பாரி கென்ட்டிடமிருந்து ஏட்ரியனை மீட்பவர் ஆசிரியரோ பெற்றோரோ அல்லர், பாட்டி. தம் சிக்கல்களில் மூழ்கிய பெற்றோருக்கு மகனின் துயரம் கண்ணில் படுவதில்லை. அவன் மனத்தை முழுமையாக அறிந்தவர் நாட்குறிப்பைப் படிக்கும் நாம்தான், நாமோ சிரித்துக்கொண்டிருக்கிறோம். பதின்பருவத்தினரின் கவலைகளை வேடிக்கையாகவே கேட்டுப் பழகிய பெரியவர்களுக்கு இந்நாவல் உணர்த்துவது இதைத்தான்.