உங்களுக்குத் தெரியுமா? முனைவு இல்லாமலும் ஒட்டும்!

● அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடு, நீரைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு கனமான மூலக்கூறு. ஆனாலும் அது மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்துவிடும். தண்ணீர் கொதிக்க 100 டிகிரி வேண்டும். நீர் மூலக்கூறு 104.5 டிகிரி கோணத்தில் வளைந்தது. அதன் ஆக்ஸிஜன் பக்கம் சற்றே எதிர்மின் தன்மையும் ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின் தன்மையும் உண்டு. இப்படி மின்தன்மை பிரிந்திருப்பதுதான் முனைவு. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் அடுத்ததன் ஆக்ஸிஜனைப் பற்றிக்கொள்ளும் இந்த ஹைட்ரஜன் பிணைப்பு, கந்தகத்திடம் மிகப் பலவீனம்.

● கார்பன் டை ஆக்ஸைடில் இரண்டு பிணைப்புகளும் முனைவுள்ளவை, மூலக்கூறோ முனைவற்றது! நேர்க்கோட்டில் இருபுறமும் சம பலத்தில் இழுபட்டால் மிச்சம் பூஜ்யம்தானே?

● முனைவுள்ளதுதான் அதிக வெப்பத்தில் கொதிக்கும் என்று மனப்பாடம் செய்தவர்கள் இதைக் கவனியுங்கள். குளோரோஃபார்ம் முனைவுள்ளது, கொதிநிலை 61 டிகிரி. கார்பன் டெட்ராகுளோரைடு முனைவற்றது, கொதிநிலை 77 டிகிரி! காரணம், எலெக்ட்ரான்கள். முன்னதில் 58, பின்னதில் 74. ஓயாமல் அலையும் எலெக்ட்ரான்கள் ஒரு கணம் ஒரு பக்கமாகக் குவிந்தால் அங்கே தற்காலிக முனை பிறக்கும். அது பக்கத்து மூலக்கூறிலும் ஒரு முனையைத் தூண்டிவிடும். உடனே ஈர்ப்பு. எலெக்ட்ரான் கூடக் கூட இந்த ஈர்ப்பும் கூடும். 1930-இல் குவாண்டம் கணக்குப் போட்டு இதை விளக்கியவர் ஃபிரிட்ஸ் லண்டன். வேதியியலில் இவ்வளவு அழகான விளக்கங்கள் குறைவு என்பேன்.

● இரண்டே எலெக்ட்ரான் கொண்ட ஹீலியத்துக்கும் இந்த ஈர்ப்பு உண்டு. ஆனால் அது மிகச் சொற்பம் என்பதால் மைனஸ் 269 டிகிரிவரை குளிர்வித்தால்தான் திரவமாகும். 1908-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் இதைச் சாதித்தார்.

● சுவரில் ஓடும் பல்லியின் காலில் பசை கிடையாது. டோக்கே இனப் பல்லியின் ஒரு பாதத்தில் சுமார் 5 லட்சம் நுண்மயிர்கள். ஒவ்வொன்றின் நுனியும் நூற்றுக்கணக்கான மெல்லிய தகடுகளாகப் பிரியும். அவ்வளவு தகடுகளும் சுவரை நெருங்கித் தொடும்போது, வாண்டர் வால்ஸ் விசைகள் எனப்படும், தனித்தனியே அற்பமான இதே வகை ஈர்ப்புகள் சேர்ந்து உடலையே தாங்குகின்றன. இதற்குச் சான்றாக, தண்ணீர் ஒட்டும் பரப்பு, ஒட்டாத பரப்பு இரண்டிலும் அந்த மயிர்கள் ஏறக்குறைய ஒரேபோல ஒட்டுவதை கெல்லர் ஆட்டம் குழுவினர் 2002-இல் காட்டினார்கள். கால்விரலைச் சுருட்டி மயிரின் கோணத்தை மாற்றினால் போதும், பிடி விட்டுவிடும்.

● மிளகாய்க் காரத்துக்குத் தண்ணீர் குடித்துப் பயனில்லை. காரம் தரும் கேப்சைசினில் நீண்ட, முனைவற்ற கார்பன் வால் உண்டு. அது நீரில் சரியாகக் கரையாது. பாலிலும் மோரிலும் உள்ள கேசீன் புரதம் அதைப் பற்றி நாக்கிலிருந்து அகற்றிவிடும்.