கூடாரம் கட்டிய கொட்டகை

கோயமுத்தூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது வெரைட்டி ஹால் ரோடு. ரோட்டுக்குப் பேர் தந்த வெரைட்டி ஹால், சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் கட்டியது. பின்னாளில் டிலைட் தியேட்டர் ஆனது. தென்னிந்தியாவின் முதல் தியேட்டர் அதுதான் என்பது கொங்கு நாட்டுக்காரர்களின் பேச்சு. சென்னைக்காரர்கள் ஒப்ப மாட்டார்கள். மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் 1913-இலேயே எலெக்ட்ரிக் தியேட்டரைக் கட்டிவிட்டார். தேதிப்படி சென்னைதான் முந்தி, வழக்காட ஒன்றுமில்லை. ‘தென்னிந்தியாவில் இந்தியர் கட்டிய முதல் தியேட்டர்களில் ஒன்று’ என்று சொல்லிக் கோவை ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் 1896-இலேயே சினிமாப் படம் காட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு பதினைந்து வருடங்களுக்கு மேல் பொது மண்டபத்திலும் மைதானத்துக் கூடாரத்திலும் வேறு வேலைக்குக் கட்டிய கட்டடங்களிலும்தான் படம் ஓடியது. பிறகு இரண்டே வருடங்களுக்குள் அடுத்தடுத்துக் கொட்டகைகள் எழுந்தன. அதுவரை இல்லாத அவசியம் அப்போது எங்கிருந்து வந்தது?

வின்சென்ட்டின் தொழிலைக் கூர்ந்து பார்த்தால் பதில் கிடைக்கிறது. 1905-இல் அவர் திருச்சியில் ரயில்வே ஊழியர். மாதச் சம்பளம் 25 ரூபாய். ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டிருந்த டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் உடம்பு சரியில்லாமல் ஊர் திரும்ப நினைத்தபோது, அவருடைய புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வின்சென்ட் வாங்கினார். ஏழு வருடச் சம்பளத்துக்கு மேல். சுருள்களில் முக்கியமானது ஏசுநாதர் சரித்திரம். இங்கேதான் கணக்கு இடிக்கிறது. கைவசம் இருப்பது சொந்தமாக வாங்கிய ஒருசில படங்கள். ஓர் ஊரில் பார்க்க வேண்டியவர்கள் பார்த்து முடித்துவிட்டால் அந்த ஊரில் அவருக்கு வேலை இல்லை. படம் பழையதாகவே இருக்கும் என்றால் பார்வையாளர்கள் புதியவர்களாக இருந்தாக வேண்டும். கூடாரத்தைச் சுருட்டி ரயிலில் ஏற்றிக்கொண்டு அவர் பெஷாவர், ரங்கூன் வரை போனது ஊர்சுற்றும் ஆசையால் அல்ல; போட்ட முதலை எடுக்க வேறு வழியில்லை.

இந்தக் கணக்கை மாற்றியது படத்தின் வாடகை முறை. பிரான்சின் பாத்தே நிறுவனம் 1907-இல் படங்களை விற்பதை விட்டு வாடகைக்கு விடத் தொடங்கியது. மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். வாரத்துக்கொரு புதுப்படம் வாடகைக்கு வரும் என்றால், அதே ஊர் ஜனங்களே திரும்பத் திரும்ப வருவார்கள். ஆள் அலைவது நின்று படப்பெட்டி அலையத் தொடங்கியது. கொட்டகைக்குச் சுவர் வந்தது அப்போதுதான். இதற்குச் சாட்சி வின்சென்ட் ஒருவர் மட்டுமல்ல. மவுண்ட் ரோட்டில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த ரகுபதி வெங்கையாவும் முதலில் கூடாரக்காரர்தான். எஸ்பிளனேடில் கூடாரம் போட்டார், பர்மா, இலங்கை என்று சுற்றினார், பிறகு சென்னையில் கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். மேஜரின் எலெக்ட்ரிக் தியேட்டரோ இரண்டு வருடம்தான் தாக்குப்பிடித்தது. 1915-இல் கட்டடம் தபால் இலாகா கைக்குப் போனது. வின்சென்ட், வெங்கையா போலக் கூடாரத்தில் பழகியவருக்கு எந்த ஜனம் எந்தப் படத்துக்குக் காசு கொடுக்கும் என்பது கையில் இருக்கும் கணக்கு. வின்சென்ட் அதற்கும் மேலே போனார். படம் ஓட்ட வாங்கிய ஜெனரேட்டர் சும்மா நிற்கக் கூடாது என்று, மின்சாரத்தில் ஓடும் அச்சகமும் மாவு மில்லும் வைத்தார். கொங்கு நாட்டுப் புத்தி!

கட்டடம் வந்தது தீப்பயத்தால், சட்டத்தால் என்று சொல்பவர்கள் உண்டு. லேசில் தள்ளிவிடக் கூடிய வாதம் அல்ல. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் பொறி பட்டாலே பற்றும். 1897-இல் பாரிஸில் ஒரு தரும விழாவில் புரொஜெக்டர் விளக்கிலிருந்து தீப்பிடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பிரிட்டன் 1909-இல் சட்டம் போட்டு, புரொஜெக்டருக்குத் தீப்பிடிக்காத தனி அறை வேண்டும் என்றது. அங்கே கட்டடத்தைச் சட்டம் பிடித்துத் தள்ளியது உண்மைதான். ஆனால் இந்தியாவில் சினிமாட்டோகிராஃப் சட்டம் வந்தது 1918-இல். வெரைட்டி ஹாலுக்கு அப்போது நான்கு வயது. வராத சட்டத்துக்குப் பயந்து யாரும் செங்கல் அடுக்க மாட்டார்கள்.

இன்னொரு கேள்வி சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்தே வரும். வாடகை முறை கூடாரத்தை ஒழித்துவிட்டது என்றால், ஆட்டையாம்பட்டி வட்டாரத்திலும் ராசிபுரம், திருச்செங்கோடு சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் டென்ட் கொட்டாய்கள் எண்பதுகள் வரை நின்றது எப்படி? பேர் டூரிங் டாக்கீஸ்தான், ஆனால் டூர் போகவில்லை என்பதே பதில். லைசென்ஸ் சில மாதங்களுக்குத்தான் கிடைக்கும். கெடு முடிந்தால் மூடுவார்கள், இடைவெளி விட்டு அதே இடத்தில் மறுபடி திறப்பார்கள். கூரையும் மணல் தரையும்தான் கூடாரக் காலத்து மிச்சம். சாயங்காலம் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று சுற்றுக் காட்டுக்கெல்லாம் தெரியும். தரை டிக்கெட்காரர் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்காருவார். பின்னால் இருப்பவர் திட்டுவார். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற மூன்று நான்கு இடைவேளை. முறுக்கு விற்பவருக்கு, அதுவும் ஆட்டையாம்பட்டி பக்கத்தில், இதில் நட்டமில்லை. படம் சேலம் ஏரியா விநியோகஸ்தரிடமிருந்து பெட்டியில் வரும். அந்தப் பெட்டிக்குள் இருந்தது சிலசமயம் சேலம் ஏற்காடு ரோட்டில் டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவில் எடுத்த படமாகவும் இருந்திருக்கும். ஆக டென்ட் கொட்டாயும் ஓடாமல் ஓரிடத்தில் நின்ற கொட்டகைதான். சுவர் மட்டும் குறைச்சல்.

பெட்டியும் இப்போது வருவதில்லை. படம் சாட்டிலைட் வழியாகவும் ஹார்டு டிஸ்க்கிலும் வருகிறது, வீட்டு டிவிக்கும் வருகிறது. வெரைட்டி ஹாலை அண்மையில் இடித்துவிட்டார்கள். மனை விலைதான் காரணம் என்பார்கள். விலை ஏறியது நேற்றா? ஜனம் தேடி வரும் வரைக்கும் தியேட்டர்காரர் அந்த விலையைப் பார்க்காமல் இருக்க முடிந்தது, அவ்வளவுதான். இரண்டு வருடத்தில் தொழில் முடிந்துபோன எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டடமோ அண்ணா சாலை என்று பேர் மாறிய அதே மவுண்ட் ரோட்டின் தலைமைத் தபால் நிலைய வளாகத்தில் இன்னும் நிற்கிறது, தபால்தலை சேகரிப்பவர்களுக்கான பிரிவாக. அதற்கு லாபம் காட்ட வேண்டிய கட்டாயம் 1915-க்குப் பிறகு ஒருநாளும் இருந்ததில்லை.