சவ்தா கணக்குக் கேட்ட வெள்ளிக்கிழமைகள்

யூதர்களின் ஜெபப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் ரயில்வே கால அட்டவணைதான் நினைவுக்கு வரும். காலைக்கு இது, பிற்பகலுக்கு இது, இரவுக்கு இது என்று வேளைவாரியாக வகுத்திருக்கிறார்கள். நின்றபடி சொல்லும் முக்கிய ஜெபத்தில் மட்டும் வாரநாட்களில் 19 பகுதிகள். எந்த இடத்தில் குனிய வேண்டும், முடிந்ததும் எத்தனை அடி பின்வாங்க வேண்டும் என்பதுவரை சட்டம் உண்டு. சில ஜெபங்களைச் சொல்ல பத்துப் பேர் கூடியே ஆகவேண்டும். ஒன்பது பேர் சேர்ந்துவிட்டால், பத்தாவது ஆளுக்காகத் தெருவில் இறங்கி வழிப்போக்கர்களை நிறுத்துவார்கள்.

“மனசுல உள்ளதச் சொல்லு மக்களே, ஆண்டவரு கேப்பாரு” என்று ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்ந்த மார்த்தாண்டத்துக்காரி நான். அச்சடித்த ஜெபத்தில் மனசுக்கு எங்கே இடம் என்று எங்களைப் போன்றவர்களுக்குத் தோன்றும். எனக்குப் பதில் வெள்ளிக்கிழமை மாலைகளில் கிடைத்தது.

ஜெருசலேமில் நான் கவனித்துக்கொண்ட மூதாட்டியை எல்லோரும் ‘சவ்தா’ என்றே கூப்பிடுவார்கள், பாட்டி என்று. ருமேனியாவில் பிறந்து, யித்திஷ் மொழி பேசி வளர்ந்தவர். சூரியன் மறைய 40 நிமிடம் இருக்கும்போது ஓய்வுநாளுக்கான சைரன் ஊர் முழுக்க ஊதும். சவ்தா மெழுகுவத்திகளை ஏற்றுவார். சுடர்களுக்கு மேலே கைகளை மூன்று முறை வளைத்து வாங்கி, கண்களைப் பொத்திக்கொண்டு, எபிரேய வாசகத்தைச் சொல்வார். அதற்குச் சில நொடிகள் போதும். ஆனால் கைகள் இறங்காது. யித்திஷ் ஆரம்பித்துவிடும்.

பேரன் பேத்திகள் ஒவ்வொருவராக வருவார்கள். யாருக்குப் பரீட்சை, யாருக்கு இன்னும் பெண் அமையவில்லை, இடது முழங்கால் ஏன் வலது முழங்காலைவிட அதிகமாக வலிக்கிறது, எல்லாம் ஒப்பிக்கப்படும். ஒரு பேத்திக்கு இரண்டாவது முறையும் கரு தங்காமல் போன வாரம் குரல் உயர்ந்துவிட்டது. “இத்தனை வருஷமா விளக்கு ஏத்துறேனே, அந்தப் புள்ளைக்கு ஒண்ணு குடுக்க உனக்கு அவ்வளவு கஷ்டமா?” என்று கேட்டாராம். பிறகு அவரே எனக்கு எபிரேயத்தில் விளக்கினார். கண்ணைத் திறந்ததும் “ஷபாத் ஷாலோம்” என்று வாழ்த்திவிட்டு, சூப்பை அடுப்பிலிருந்து மாற்றி வைத்தாயா என்று விசாரித்தார்.

கடவுளிடம் இப்படி உரிமையோடு சண்டை போடுவது சவ்தா கண்டுபிடித்ததல்ல. நம் வேதாகமத்தில் வரும் அன்னாளை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை இல்லாத துக்கத்தில் சீலோ ஆலயத்தில் உதடு மட்டும் அசைய அழுகிறாள். குடித்திருக்கிறாள் என்று ஆசாரியன் ஏலி நினைத்துவிடுகிறான். யூத ஞானிகளின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத் இந்த இடத்தை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு காரியம் செய்கிறது. நின்று சொல்லும் ஜெபத்தில் உதடு அசைய வேண்டும், சத்தம் வெளியே வரக்கூடாது என்ற சட்டத்தை அன்னாளிடமிருந்தே எடுக்கிறது. அதோடு, அவள் அடக்க ஒடுக்கமாக வேண்டினாள் என்று சொல்லவில்லை. இவ்வளவு சேனைகளைப் படைத்தவருக்கு ஒரு பிள்ளை தருவது பெரிய காரியமா என்று வாதாடினாள் என்கிறது. புத்தகத்தில் எதையும் பார்த்துச் சொல்லாத ஒரு பெண்ணின் அழுகைதான் புத்தகத்துக்கே விதியாகிவிட்டது. இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

அடுத்தவர் ஹோனி. கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவர். மழை பொய்த்தபோது தரையில் ஒரு வட்டம் போட்டு நடுவில் நின்றுகொண்டு, மழை வராமல் நகரமாட்டேன் என்றார். தூறல் விழுந்தது. நான் கேட்டது இதுவா, குளம் குட்டை நிரம்ப வேண்டாமா என்றார். பேய் மழை கொட்டியது. இதுவும் இல்லை, பதமாகப் பெய்யட்டும் என்றார். அன்றைய பெரிய ஞானி ஷிமோன் பென் ஷேதாஹுக்கு எரிச்சல். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் சபையைவிட்டு விலக்கியிருப்பேன், நீ அப்பாவிடம் அடம்பிடிக்கும் பிள்ளையாக நடக்கிறாய், அவரும் கேட்டதைக் கொடுக்கிறார், உன்னை நான் என்ன செய்ய என்று சொல்லி அனுப்பினார். அந்தப் பிள்ளை என்னென்ன கேட்கும் என்றுகூட தல்மூத் பட்டியல் போடுகிறது: வெந்நீர்க் குளியல், வாதுமை, மாதுளை.

ஹோனியின் மகள்வயிற்றுப் பேரன் ஹனானின் கதையில் பிள்ளைகளே வந்துவிடுகிறார்கள். மழை வேண்டுமென்றால் ஞானிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அவரிடம் அனுப்புவார்களாம். பிள்ளைகள் அவர் அங்கியைப் பிடித்து இழுத்து, அப்பா, மழை கொடு என்பார்கள். அவர் வானத்தைப் பார்த்து, மழை தரமுடிந்த அப்பா யார், முடியாத அப்பா யார் என்றுகூட விளங்காத இந்தச் சிறுசுகளுக்காகச் செய்யும் என்பார். மெத்தப் படித்தவர்கள் சட்டம் தெரியாத பொடிசுகளை வேண்டுமென்றே தூது அனுப்புகிறார்கள், பாருங்கள்.

படித்தவர்களால் கெட்ட கதையும் உண்டு. ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க்கில் வாழ்ந்து 1217இல் மறைந்த ரபீ யூதாவின் பெயரில் வழங்கும் நூலில் ஓர் இடையன் வருகிறான். ஆண்டவரே, உமக்கு ஆடுமாடு இருந்தால் கூலி வாங்காமல் மேய்ப்பேன் என்பதுதான் அவனது தினசரி ஜெபம். ஒரு பண்டிதர் அதைக் கேட்டுப் பதறி, முறையான ஜெபங்களைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறார். இடையன் புதியதை மறந்தான்; பழையதைச் சொல்லப் பயந்தான். ஜெபமே நின்றது. அன்றிரவு பண்டிதருக்குக் கனவில் திட்டு விழுந்தது: போய் அவனைப் பழையபடி சொல்லச் சொல். அதே நூற்றாண்டில் ரூமி மசனவியில் எழுதிய மூசா நபியும் இடையனும் கதையை அறிந்தவர்களுக்கு இது பழகிய வீடாக இருக்கும்.

எல்லோருக்கும் தெரிந்த கதை குழல் ஊதிய பையனுடையது. ஹசிதிய இயக்கத்தைத் தொடங்கிய பாஅல் ஷேம் தோவ் இன்றைய உக்ரைனில் உள்ள மெஜிபிஜ் ஊரில் 1760இல் மறைந்தவர். இளமையில் சின்னப் பிள்ளைகளைப் பாட்டுப் பாடிக்கொண்டே பள்ளிக்கு அழைத்துப்போகும் உதவியாள் வேலை பார்த்தார் என்று அவரைப் பற்றிய பழைய கதைத்தொகுப்பு சொல்கிறது. அவருடைய ஜெபாலயத்துக்கு யோம் கிப்பூர் நோன்பன்று எழுத்து வாசனையே இல்லாத ஒரு கிராமத்துப் பையன் அப்பாவோடு வந்தான். சட்டைப்பையில் குழல். அன்று வாத்தியம் ஊதக்கூடாது. அப்பா கையைப் பிடித்துத் தடுத்துக்கொண்டே இருந்தார். நாள் முடியும் கடைசி ஜெபத்தில் பையன் கையை உதறிக்கொண்டு ஊதிவிட்டான். எல்லோரும் திகைத்து நிற்க, அதுவரை மேலேறாமல் கிடந்த நம் ஜெபங்களை இந்தக் குழல்தான் தூக்கிக்கொண்டு போனது என்றார் குரு.

இந்தக் கதையைச் சொல்லி, படிப்பு வீண், பாமரனே பக்தன் என்று முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. பையன் ஊதியது வயல்காட்டில் அல்ல, நாள் முழுக்கப் பட்டினியோடு புத்தகம் பார்த்து ஜெபித்தவர்களின் நடுவில். தூக்கிச் செல்லக் கீழே ஏதாவது இருக்க வேண்டாமா? சவ்தா இதைவிடக் கறார். “அடுத்த வருஷத்துக்குள்ள அந்தப் பையன் எழுத்துப் படிச்சானான்னு ஒருத்தரும் சொல்லலையே” என்பார்.

அவருக்குப் பிடித்தது பெர்திச்சிவ் ஊர் ரபீ லேவி யித்ஸ்ஹாக் (1740–1809) விசாரித்த தையல்காரர். யோம் கிப்பூரில் அவர் கடவுளிடம் பேரம் பேசினாராம்: நான் செய்தது மிச்சத் துணியை அமுக்கியதுபோன்ற சில்லறைப் பாவம், நீரோ தாய்மாரிடமிருந்து குழந்தைகளையே எடுக்கிறீர், பரவாயில்லை, நீர் என்னை மன்னியும், நான் உம்மை மன்னிக்கிறேன். ரபீ தலையில் அடித்துக்கொண்டார். இவ்வளவு மலிவாகவா விட்டாய்? கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருந்தால் உலகத்துக்கே விடுதலை வாங்கியிருக்கலாமே!

பாஅல் ஷேம் தோவின் கொள்ளுப்பேரன் ரபீ நஹ்மான் (1772–1810) இதைத் தினசரிப் பழக்கமாகவே ஆக்கினார். நாளுக்கு ஒரு மணி நேரம் தனியாகப் போ, வீட்டில் பேசும் பாஷையில் அவரிடம் பேசு, பேச்சு வரவில்லையென்றால் வரவில்லை என்பதையே சொல் என்றார். காசநோயில் 38 வயதில் இறந்த அவருக்கு இன்றும் ஏராளமான சீடர்கள். ஜெருசலேமைச் சுற்றியுள்ள காட்டோரங்களில் இரவில் போனால் மரங்களுக்கு நடுவிலிருந்து ஆண்கள் கத்துவது கேட்கும். விவரம் தெரியாதவர்கள் அடிதடி என்று நினைப்பார்கள். ஒருவர் முறையிடுவார், ஒருவர் கெஞ்சுவார், இன்னொருவர் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கூவுவார். பொழுது வெளுக்கும்போது சட்டையில் ஒட்டிய பைன் ஊசிகளைத் தட்டிவிட்டுக்கொண்டு சாலைக்கு வருவார்கள். காலை ஜெபத்துக்குப் பத்துப் பேர் சேர வேண்டுமே என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடையை எட்டிப் போடுவார்கள்.