சாண எரிவாயுவைப் பிரிக்கும் கரி

சாண எரிவாயு தனிப்பொருள் அன்று. அதில் எரியும் பகுதியாகிய மீத்தேன் நூற்றுக்கு ஏறக்குறைய 55 முதல் 65 பங்கு வரை இருக்கும். மீதியில் பெரும்பகுதி எரியாத கரியமிலவாயு ஆகும். அடுப்பெரிக்க இக்கலவையே போதும்; எனவே வீட்டுக்கலம் வைத்திருக்கும் குடியானவருக்குக் கீழ்க்கண்ட முறையை எவரும் பரிந்துரைக்க வேண்டா. ஆனால் வாயுவை அழுத்தி உருளைகளில் அடைத்து வண்டி ஓட்டுவதாயின், எரியாத பொருளைச் சுமப்பதில் பயனில்லை. 2018-இல் மத்திய அரசு தொடங்கிய ‘சதத்’ திட்டம் இத்தகைய எரிபொருளைப் பெருக்குவதற்கே ஏற்பட்டது. கரியமிலவாயுவை நீக்கும் வழிகளுள் ஒன்று, கரியைக் கொண்டு பிரிப்பதாகும்.

எல்லாக் கரியும் இதற்கு உதவாது. தேங்காய்ச் சிரட்டையைக் காற்றுப்படாமல் சுட்டுக் கரியாக்கி, 800 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பத்தில் நீராவியைச் செலுத்தினால், அது கரியை அரித்து எண்ணற்ற நுண்துளைகளை உண்டாக்குகிறது. இவ்வாறு ஆயத்தமான கரியில் ஒரு கிராமின் உட்பரப்பு சுமார் 1,000 சதுர மீட்டர். அதாவது 25 சென்ட் நிலம்! வாயு இத்துளைச் சுவர்களின்மீது படிகிறது. இதனை ‘உறிஞ்சுதல்’ என எழுதுவது வழக்கமாயினும், வாயு கரிக்குள் கரைந்து கலப்பதில்லை யாதலால் ‘பரப்புக் கவர்ச்சி’ என்பதே பொருந்தும். ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை வற்புறுத்துதல் நலம்.

துளைவாயை மேலும் குறுக்கிய கரிக்கு மூலக்கூற்றுச் சல்லடை என்று பெயர். கரியமிலவாயு மூலக்கூற்றின் குறுக்களவு 0.33 நானோமீட்டர், மீத்தேனுக்கு 0.38. இச்சிறு வேறுபாட்டால் முன்னது விரைந்து நுழைய, பின்னது வாயிலிலேயே தயங்கி நிற்கிறது.

கரியின் பிடிப்பு வலுவற்றது. அதுவே அதன் சிறப்பு. சுண்ணாம்புடன் கூடிய கரியமிலவாயுவை மீட்கக் காளவாய் வெப்பம் வேண்டும். கரியிலோ அழுத்தத்தைக் குறைத்த அளவிலேயே அது வெளியேறிவிடும். ஒரு கோபுரம் வாயுவைப் பிடிக்கையில் மற்றொன்று விடுவிக்க, சில நிமிடங்களுக்கு ஒருமுறை பணி மாறுகிறது. ஆயினும் வெப்பமும் ஈரமும் இப்பிடிப்பை எளிதில் குலைத்துவிடும். அனல்மின் நிலையப் புகையில் இம்முறையைக் கையாள்வது கடினமாயிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிலையங்களைப் பார்வையிடுவோர் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஹைட்ரஜன் சல்பைடு கரியை விட்டு எளிதில் நீங்காது. அதனையும் ஈரத்தையும் முன்னதாகவே அகற்றியிருத்தல் வேண்டும். அன்றியும், வெளியேறும் கரியமிலவாயுவுடன் சிறிது மீத்தேனும் தப்பிச்செல்லும். அது நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமிலவாயுவைவிட 25 மடங்குக்கு மேலாகப் புவியை வெப்பமாக்க வல்லது. ஆகவே கழிவுக்குழாயில் மீத்தேன் அளக்கப்படுகிறதா, அதனை எரித்துவிட ஏற்பாடு உளதா என்று கேட்டறிதல் வேண்டும்.