பதினாறு கூடையும் ஒரு செங்காயும்

மென்பொருள் நிறுவனம் ஒன்றில் டீம் லீடராக இருக்கும் வாசகி கேட்டிருக்கிறார்: "தலைமைப் பண்புப் பயிற்சி என்று கூட்டிக்கொண்டு போய் ஆளுமைத் தேர்வு வைத்தார்கள். எனக்கு ஐ.என்.டி.ஜே. என்று வந்தது. அடுத்த வருடம் வேறொரு பயிற்சியாளர் வந்து அதே தேர்வை வைத்தார். இந்தத் தடவை ஈ.என்.டி.ஜே. நடுவில் நான் மாறிவிட்டேனா, இல்லை தேர்வே பொய்யா?"

இரண்டும் இல்லை. அவர் ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார், அவ்வளவுதான். அந்தக் கோட்டை எங்கே போட்டார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அவர் எழுதியது மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வு. ஹெச்.ஆர். வட்டாரத்தில் எம்.பி.டி.ஐ. என்பார்கள். நான்கு அச்சுகள்: புறமுகமா அகமுகமா, கண்முன் இருக்கும் விவரத்தை நம்புபவரா உள்ளுணர்வை நம்புபவரா, தர்க்கம் பார்த்து முடிவெடுப்பவரா மனசு பார்த்து முடிவெடுப்பவரா, திட்டம் போட்டு நடப்பவரா போகிற போக்கில் பார்த்துக்கொள்பவரா. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. நான்கு எழுத்தில் பதினாறு வகை. இணையத்தில் இவற்றுக்குப் பட்டப்பெயர்களும் உண்டு. நம் வாசகி முதல் வருடம் 'கட்டடக் கலைஞர்', மறு வருடம் 'தளபதி'. சம்பளம் மட்டும் மாறியிருக்காது.

வரலாறு சொல்லாவிட்டால் கட்டுரையே ஆகாது என்பார்கள், ஆகவே சுருக்கமாக. சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் ஆளுமை வகைகளைப் பற்றி 1921-இல் ஒரு தடித்த புத்தகம் எழுதினார். அதில் மனதைப் பறிகொடுத்த அமெரிக்கத் தாய் கேத்தரின் பிரிக்ஸும் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கேள்வித்தாளாக அதை மாற்றத் தொடங்கினார்கள். இருவரும் உளவியலில் முறையான பயிற்சி பெற்றவர்கள் அல்லர். மகள் துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு வாங்கியவர். கார்ப்பரேட் பயிற்சிகளில் இதற்குப் போட்டியாக வரும் 'டிஸ்க்' தேர்வின் மூலக் கருத்தைத் தந்த வில்லியம் மார்ஸ்டன், 'வொண்டர் உமன்' என்ற சித்திரக்கதை நாயகியைப் படைத்தவர். இதற்காக யாரையும் மட்டம் தட்ட வேண்டியதில்லை. நாவலாசிரியரிடமிருந்தும் நல்ல அளவுகோல் வரலாம். வேடிக்கை என்னவென்றால், இரண்டு முனைகளுக்கும் நடுவில் நிற்பவர்களே மிகுதி என்று யுங்கே எழுதியிருக்கிறார். பயிற்சிப் பட்டறை ஸ்லைடுகளில் ஏனோ அது இடம்பிடிப்பதில்லை.

இனி கோட்டுக்கு வருவோம். ஆயிரம் பேருக்குப் புறமுக-அகமுகக் கேள்விகளைக் கொடுத்து, மதிப்பெண்களை வரைபடமாகப் போடுங்கள். மனிதர்கள் உண்மையிலேயே இரண்டு வகை என்றால் இரண்டு மேடும் நடுவில் ஒரு பள்ளமும் தெரிய வேண்டும். தெரிவது ஒரே மேடு, நாம் பள்ளிக்கூடத்தில் பார்த்த அதே மணி வடிவம். உச்சி நடுவில் இருக்கிறது. தேர்வு கோடு போட்டுப் பிரிப்பதும் அதே நடுவில்தான். கூட்டம் எங்கே நெருக்கியடிக்கிறதோ அங்கே கோடு விழுகிறது.

மாம்பழ சீசனில் மண்டிக்குப் போய்ப் பாருங்கள். வந்து இறங்கிய குவியலில் நல்ல காய் கொஞ்சம், நல்ல பழம் கொஞ்சம், மற்றதெல்லாம் செங்காய். முதலாளி திடீரென்று, "செங்காய் என்ற பேச்சே வேண்டாம். காய்க்கூடை ஒன்று, பழக்கூடை ஒன்று, எல்லாம் இரண்டில் ஒன்றில் விழ வேண்டும்" என்று உத்தரவு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரிப்பவர் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறார். கல் மாதிரி இருக்கும் காயில் அவருக்குச் சந்தேகம் வராது. கனிந்து குழைந்த பழத்திலும் வராது. செங்காயில்தான் தடுமாறுவார். காலையில் காய்க்கூடையில் போட்டதை, கலைத்துக் கொடுத்தால் மத்தியானம் பழக்கூடையில் போடுவார். அதற்குள் அது பழுத்துவிடவும் இல்லை, அவர் விரலில் கோளாறும் இல்லை. அழுத்தம் ஒரு நூல் கூடக்குறைய இருப்பது எந்த விரலுக்கும் இயல்பு. கோட்டுக்குத் தள்ளி இருப்பதை அந்த ஒரு நூல் ஒன்றும் செய்யாது; கோட்டோரத்தில் இருப்பதைக் கூடை மாற்றிவிடும்.

அடுத்து அதே குவியலைப் பெரிது சிறிது, இனிப்பு புளிப்பு, நார் உள்ளது இல்லாதது என்று இன்னும் மூன்று முறை பிரிக்கச் சொல்லுங்கள். இரண்டு கூடை நான்காகி, எட்டாகி, பதினாறாகும். ஒவ்வொரு பிரிப்பிலும் கை கொஞ்சம் தடுமாறும். மறுநாள் எல்லாவற்றையும் கொட்டிக் கலைத்து மறுபடி பிரித்தால், பழைய கூடைக்கே வந்து சேருபவை எத்தனை?

ஊகிக்க வேண்டாம், கணக்காகவே போட்டுவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தேர்வு நல்ல தேர்வு என்றே எடுத்துக்கொள்வோம்: ஒரே ஆட்களுக்கு இரண்டு முறை வைத்தால் இரு மதிப்பெண்களுக்கும் இடையே ஒட்டுறவுக் கெழு 0.85. உளவியல் அளவீட்டில் இது வெட்கப்பட வேண்டிய எண் அல்ல. மணி வடிவப் பரவலை நடுவில் வெட்டும்போது, ஒருவர் இரண்டு முறையும் கோட்டின் ஒரே பக்கத்தில் விழும் வாய்ப்புக்குச் சூத்திரம் இருக்கிறது. கெழுவின் நேர்மாறு சைனை ரேடியனில் எடுத்து, பையால் வகுத்து, அரையைக் கூட்டுங்கள். 0.823 வரும். அதாவது நூற்றுக்கு 82 பேருக்கு எழுத்து மாறாது. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் எழுத்துகள் நான்கு. அச்சுகள் ஒன்றையொன்று சாராதவை என்று தோராயமாகக் கொண்டு, 0.823-ஐ நான்கு முறை பெருக்குங்கள். 0.46. நூறு பேரில் 46 பேர்தான் பழைய நான்கெழுத்தோடு வீடு திரும்புவார்கள். 54 பேருக்கு ஓர் எழுத்தாவது மாறியிருக்கும். தேர்வை மெருகேற்றிக் கெழுவை 0.9 ஆக்கினாலும் மாறாதவர்கள் 54 பேர்தான். பாடுபட்டதற்கு எட்டுப் பேர் லாபம்.

கணக்கு சொல்வதைத்தான் களமும் சொல்கிறது. எம்.பி.டி.ஐ. ஆய்வுகளை அலசி 1993-இல் எழுதிய டேவிட் பிட்டெஞ்சர், ஐந்து வார இடைவெளியில் மறுதேர்வு எழுதியவர்களில் பாதிப் பேர் வரை வேறு வகைக்குப் போனதைச் சுட்டிக்காட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு 'தேர்வே குப்பை' என்றவர்கள் உண்டு. அதுவும் அவசரம். கேள்வித்தாள் ஓரளவு ஒழுங்காகவே அளக்கிறது. அளந்ததைக் கீழே கொட்டிவிடுவதுதான் கோளாறு. நூற்றுக்கு 51 வாங்கியவருக்கும் 95 வாங்கியவருக்கும் ஒரே எழுத்து. 49-க்கும் 51-க்கும் எதிரெதிர் எழுத்து. இப்படி நடுவில் வெட்டினால், அந்த அளவீட்டால் விளக்க முடிகிற வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீணாகிறது என்பது புள்ளியியலில் பழைய செய்தி.

மாம்பழத்தை இன்னும் கொஞ்சம் பிழிகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கூடைக்குப் பெயர் எழுதி ஒட்டியதும் வியாபாரமே மாறும். 'தளபதி' கூடை ஏலத்தில் விலை ஏறும். 'கட்டடக் கலைஞர்' கூடையை கிளையன்ட் பக்கமே அனுப்பமாட்டார்கள். அகமுகக் கூடையில் விழுந்தவரைத் தலைமைக்குத் தயார் செய்கிறோம் என்று ரிசார்ட்டில் அடைத்து, கைதட்டச் சொல்லி, மேடையேறிக் கத்தச் சொல்லி அனுப்புவார்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைக்கிற வேலை அது. தோல் மஞ்சளாகும், கொட்டைப் பக்கத்துப் புளிப்பு போகாது. இதற்கு மேல் இழுத்தால் உவமை கிழிந்துவிடும். பழுத்தது திரும்பக் காயாகாது. மனிதரோ திங்கட்கிழமை மீட்டிங்கில் கனிந்திருந்து வெள்ளிக்கிழமை அப்ரைசலில் கல்லாக இருப்பார்.

அப்படியானால் அறிக்கையைப் படித்ததும் 'அப்படியே என்னைச் சொல்கிறதே' என்று ஏன் தோன்றுகிறது? 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, ஆளுக்கோர் அறிக்கை கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி நான்கைத் தாண்டியது. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே அறிக்கை என்பதும், வாக்கியங்கள் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை என்பதும் பிறகுதான் வெளிவந்தன. ராசிபலன் படிக்கிற நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஆளுமை அளவீடே வீண் என்று சொல்ல வரவில்லை. ஆய்வாளர்கள் இன்று பெரிதும் பயன்படுத்துவது 'பெரும் ஐந்து' என்ற முறை. அது யாரையும் கூடையில் போடுவதில்லை. ஐந்து பண்புகளில் ஒவ்வொன்றிலும் நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று மட்டும் சொல்லும். டிமோத்தி ஜட்ஜும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, தலைமைத்துவத்துக்கும் புறமுகத் தன்மைக்கும் இடையே 0.31 ஒட்டுறவு கிடைத்தது. ஐந்தில் அதுதான் உச்சம். அது விளக்கும் வேறுபாட்டின் பங்கை அறிய வர்க்கப்படுத்தினால் ஏறக்குறைய 0.10. கலகலப்பானவரே தலைவர் என்று விற்கப்படும் சரக்கின் உண்மை எடை இந்தப் பத்தில் ஒரு பங்கு.

மீதி எங்கே என்பதற்கு ஒரு துப்பு கொடுத்தவர் வால்டர் மிஷெல். அவரும் யூச்சி ஷோடாவும் ஜாக் ரைட்டும் அமெரிக்காவில் ஒரு கோடை முகாமில் பிள்ளைகளை ஆளுக்கு 150 மணி நேரத்துக்கு மேல் கவனித்துக் குறித்தார்கள். சக பையன் கேலி செய்தால் என்ன செய்கிறான், நட்போடு நெருங்கி வந்தால் என்ன, பெரியவர் பாராட்டினால், எச்சரித்தால், தண்டித்தால் என்ன என்று ஐந்து சூழல்கள். மொத்தக் கோபம் ஒரே அளவாக இருக்கும் இரண்டு பையன்களில் ஒருவன் கேலிக்குப் பொங்குவான், பெரியவர் அதட்டினால் அடங்கிவிடுவான், மற்றவன் நேர்மாறு. சராசரி எடுத்தால் இருவருமே 'கோபக்காரப் பையன்'. சூழலோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டு வேறு ஆட்கள். இந்தச் சூழலில் இப்படி என்ற அந்த வடிவம் பல பிள்ளைகளிடம் மறுபடி மறுபடி தென்பட்டது.

டீம் லீடருக்கு உதவக்கூடிய ஆளுமை வடிவம் இதுதான் என்று நினைக்கிறேன். "நான் அகமுகம்" என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? "பத்துப் பேர் முன்னால் எஸ்டிமேட் கேட்டால் வாய் அடைத்துப்போகிறது, முதல் நாளே மெயிலில் கேட்டிருந்தால் அதே பத்துப் பேர் முன்னால் நன்றாகப் பேசுகிறேன்" என்று எழுதினால், மேனேஜர் முந்தின நாள் மெயில் அனுப்பலாம். "கிளையன்ட் கத்தினால் நிதானமாக இருக்கிறேன், என் டீம் பையன் ரிலீஸ் அன்று கேள்வி கேட்டால் எரிந்து விழுகிறேன்" என்று ஒரு தலைவர் எழுதினால், பயிற்சியாளருக்குப் பிடிமானம் கிடைக்கிறது. டீமில் இருப்பவர்களே அவரைப் பற்றி இப்படி நாலு வரி எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. அவருக்குத் தெரியாத சூழல்கள் அதில்தான் இருக்கும். நான்கெழுத்தும் இந்தப் பேச்சைத் தொடங்கிவைக்க ஒரு சாக்காகப் பயன்படலாம். பதவி உயர்வுக்கும் ஆள் எடுப்பதற்கும் அதை எடுத்துக்கொண்டு போனால்தான் வம்பு. வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று தேர்வை விற்கும் நிறுவனமே சொல்கிறது.

சூழலோடு சேர்த்து எழுதும் இந்த வரிகளில் இன்னொரு வசதியும் உண்டு. நான்கெழுத்து எந்த மீட்டிங்கிலும் பொய்யாகாது. அகமுகமானவர் அன்று வாய் ஓயாமல் பேசினால், 'இன்று தன் வசதி வட்டத்தை விட்டு வெளியே வந்தார்' என்று சமாளித்துவிடலாம். மெயில் அனுப்பியும் அவர் வாய் திறக்கவில்லை என்றால் அந்த வரி தப்பு. அடித்துவிட்டு வேறு எழுத வேண்டும். ஆகவே அடுத்த பயிற்சியாளர் வரும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, எழுத்தை வைத்துக்கொள்ளுங்கள், மதிப்பெண்ணைக் கொடுங்கள். இரண்டு, நீங்கள் என்னைப் பற்றிச் சொல்வது தவறு என்றால் அது எனக்கு எப்படித் தெரியவரும்? இரண்டாவதற்கு ஒழுங்கான பதில் வந்தால், கட்டணத்தைப் பற்றிப் பேசலாம்.